சினெக்டகியில் ஒரு சினை: ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

நான் படிவம் நான்கில் படித்தபோது, ஓர் ஆங்கிலக் கவிதைக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். பதினாறு வரிக் கவிதை. ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் சிமிலி இருக்கிறது, மூன்றாம் வரியில் மெட்டஃபர் இருக்கிறது, ஐந்தில் பெர்சோனிஃபிகேஷன், ஏழில் அலிட்டரேஷன். சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறந்து சாமான்களை எண்ணி எழுதுகிறவரைப் போல ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தாள் திரும்பி வந்தபோது, அடியில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: "அதனால் என்ன?"

அன்று கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் சரியாகத்தானே கண்டுபிடித்திருக்கிறேன், இதற்கு மேல் என்ன வேண்டுமாம் என்று நாள் முழுக்கப் புலம்பினேன். இப்போது பினாங்கின் ஆயர் ஈத்தாமில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதே இரண்டு சொற்களை நானும் தாளுக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கியம் 2000-ஆம் ஆண்டில் ஒரு கூறாகச் சேர்ந்தது. படிவம் நான்கு, ஐந்தில் விரும்புகிறவர்கள் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாகவே எடுத்து எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதலாம். அங்கே இந்தக் கலைச்சொற்கள் இல்லாமல் ஒரு பத்திகூட நகராது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விழிக்கும் பெற்றோர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே தனித் தேர்வராக எழுத நினைக்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கையிருப்பை எண்ணுங்கள்

புது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆங்கிலச் சொல் எதையும் எழுதாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் என்று படித்தீர்களே, அதில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். நகமும் சதையும் போல, இலைமறை காய் போல என்று உவமைத்தொடர்களை மனப்பாடம் செய்தீர்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு சிமிலி. சலசல, மடமட என்று இரட்டைக்கிளவி படித்தீர்கள். ஒலியையே சொல்லாக்குகிற இடங்களில் அதுதான் ஆங்கில வகுப்பில் ஆனமாட்டபீயா என்று வாயில் நுழையாத பெயரில் வந்து நிற்கிறது. உருவகம் அங்கே மெட்டஃபர். உயர்வு நவிற்சி அங்கே ஹைப்பர்பலி. சிலேடை அங்கே பன். பார்க்கப் பயமாக இருக்கும் பட்டியலில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது.

மலாய் வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலக் கவிதையின் ரைம் ஸ்கீம் என்றதும் பல பிள்ளைகள் திருதிருவென விழிக்கிறார்கள். 'பூலாவ் பாண்டான்' என்று தொடங்கும் பந்துனை, அந்த நான்கு வரி மலாய்ப் பாட்டை, சொல்லிக்காட்டச் சொன்னால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அதன் வரிமுடிவுகள் தெங்ஙா, தீகா, தானா, ஜூகா. முதல் வரி மூன்றாம் வரியோடும் இரண்டாம் வரி நான்காம் வரியோடும் ஒலிக்கிறது. அதை ஏ, பி, ஏ, பி என்று எழுதிவிட்டால் ரைம் ஸ்கீம் முடிந்தது. எங்கள் மேசையில் இந்தப் பாடத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.

மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்கும் லாபம் இது. ஆனால் இதே இடத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. கடைகளில் விற்கும் வழிகாட்டிகள் சில, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் சமக்குறி என்று போட்டுவிடுகின்றன. அந்தச் சமக்குறியை நம்பாதீர்கள்.

சமக்குறி பொய் சொல்லும் இடங்கள்

அலிட்டரேஷன் என்றால் மோனை என்று எழுதியிருப்பார்கள். கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் தமிழ் மோனையில் உயிரெழுத்துக்கும் இடம் உண்டு. 'ஆடி அசைந்து' என்பது நல்ல மோனை. ஆங்கிலத்தில் அலிட்டரேஷன் என்று சாதாரணமாகச் சொல்வது சொல்லின் தொடக்கத்தில் மீண்டும் வரும் மெய்யொலியைத்தான். உயிரொலி திரும்பத் திரும்ப வந்தால், அது சொல்லின் நடுவில் வந்தாலும், அதற்கு அசொனன்ஸ் என்று வேறு பெயர். தமிழ் மோனையில் சகரமும் தகரமும் உறவு, மகரமும் வகரமும் உறவு. ஆங்கிலத்தில் அந்த உறவுமுறை செல்லாது.

இதைவிடப் பெரிய வம்பு எழுத்துக்கும் ஒலிக்கும் இடையில் வருகிறது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி ஏறக்குறைய தெரிந்துவிடும். ஆகவே நம் பிள்ளைகள் கண்ணால் மோனை தேடிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அந்தக் கண் ஏமாற்றும். சிட்டி, கேட் இரண்டும் சி என்ற எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒலி வேறு, ஆகவே அலிட்டரேஷன் இல்லை. ஃபோன் பி எழுத்தில் தொடங்குகிறது, ஃபிஷ் எஃப் எழுத்தில். ஒலி ஒன்று, ஆகவே அலிட்டரேஷன் உண்டு. நைஃப் என்ற சொல்லின் முன்னால் ஊமையாக நிற்கும் கே எழுத்தைப் பார்த்துவிட்டு அதைக் கிங் என்ற சொல்லோடு சேர்த்து வட்டம் போட்ட தாள்கள் என்னிடம் பல இருக்கின்றன. ஒலி சம்பந்தப்பட்ட எதையும் தேடும்போது கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். தேர்வு மண்டபத்தில் உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பெர்சோனிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்பது இரண்டாவது பொய். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் பறக்கும் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை அசைத்துத் தடுப்பதாக இளங்கோவடிகள் பாடுகிறார். காற்றில் கொடி அசைவது இயல்பு. அந்த இயல்புக்குக் கவிஞர் தம் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றுகிறார். அந்தக் காரணம்தான் தற்குறிப்பேற்றத்தின் உயிர். பெர்சோனிஃபிகேஷனுக்குக் காரணம் தேவையில்லை. உயிரற்ற ஒன்றோ விலங்கோ மனிதரைப் போல ஒரு காரியம் செய்தால் போதும். 'ஜன்னல் கொட்டாவி விட்டது' என்றால் முடிந்தது. கொடி கை அசைப்பதில் இரண்டும் இருக்கின்றன. கொட்டாவி விடும் ஜன்னலில் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் பத்தெட்டிக் ஃபாலசி என்று இன்னொன்று எட்டிப் பார்க்கும். கதாநாயகன் அழும்போது மழை பெய்கிறது பாருங்கள், அந்த வகை. இந்தப் பெயரை வைத்தவர் ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயர், 1856-இல். ஃபாலசி என்றால் பிழை. அவர் குறை சொல்லத்தான் அந்தப் பெயரை வைத்தார். இன்றைய வகுப்பறையில் அந்தக் குறை கழன்றுபோய், பொழுதும் வானிலையும் பாத்திரத்தின் மனநிலையைக் காட்டும் உத்தி என்ற அளவில் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் அப்படியே பயன்படுத்தலாம்.

தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக உதவுகிற இடம் ஆகுபெயர். மெட்டானமி, சினெக்டகி என்ற இரண்டையும் கண்டு ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளே ஓடுவார்கள். 'வெற்றிலை நட்டான்' என்று படித்திருக்கிறீர்கள். நட்டது கொடியை, சொன்னது இலையை. உறுப்பின் பெயர் முழுப் பொருளுக்கு ஆகிவருவதால் அது சினையாகுபெயர். அதுதான் சினெக்டகி. அந்தச் சொல்லை உச்சரித்துப் பாருங்கள்: முதலிலேயே சினை இருக்கிறது! இது தற்செயல்தான். கிரேக்கத்துக்கும் நம் சினைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனால் நினைவில் நிற்பதற்கு இதைவிட நல்ல ஆணி கிடைக்காது. 'மல்லிகை சூடினாள்' என்பதில் முழுச் செடியின் பெயர் பூவுக்கு வருகிறதே, அந்தத் தலைகீழ் வகையையும் ஆங்கிலத்தில் சினெக்டகி என்றே சொல்வார்கள்.

மெட்டானமிக்கு உறுப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும். நாளிதழைத் திறந்தால் 'புத்ராஜெயா அறிவித்தது' என்று இருக்கும். புத்ராஜெயா ஓர் ஊர். அறிவித்தது அங்கே இருக்கும் அரசாங்கம். பினாங்கில் 'கொம்தார் என்ன சொல்கிறது?' என்று கேட்டால், அந்த வானுயர்ந்த கட்டடம் பேசுவதில்லை. அதில் அலுவலகம் வைத்திருக்கும் மாநில அரசு பேசுகிறது. இடவாகுபெயர் என்று நீங்கள் படித்த அதே சங்கதி.

அகர வரிசையைத் தூக்கிப் போடுங்கள்

நூறு கலைச்சொற்களை ஏ முதல் இசட் வரை அடுக்கிய தாள் ஒன்று எல்லாப் பிள்ளைகளின் கோப்பிலும் இருக்கிறது. அகர வரிசை தேடுவதற்கு உதவும், படிப்பதற்கு உதவாது. அலிட்டரேஷனுக்கு அடுத்து அல்யூஷன் வருகிறது, அதற்கடுத்து அனாஃபரா. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூளை எதையும் எதனோடும் கட்டி வைக்க முடியாமல் எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும்.

நான் நான்கு கூடை வைத்திருக்கிறேன். ஒன்றை இன்னொன்றாகப் பார்ப்பவை ஒரு கூடை: சிமிலி, மெட்டஃபர், பெர்சோனிஃபிகேஷன், மெட்டானமி, சினெக்டகி, குறியீடு எனப்படும் சிம்பல். காதுக்கு வேலை வைப்பவை இரண்டாவது. வாக்கியத்தை அடுக்கும் விதம் மூன்றாவது: அனாஃபரா, ஆன்டிதீசிஸ், கயாஸ்மஸ் போன்றவை, இவற்றைப் பின்னால் பார்ப்போம். சொல்வதற்கும் நினைப்பதற்கும் இடையில் உள்ள தூரம் நான்காவது: ஐரனி, ஹைப்பர்பலி, அதற்கு எதிராகக் குறைத்துச் சொல்லும் அண்டர்ஸ்டேட்மென்ட். தொடக்கத்தில் கூடைக்கு நான்கு போதும். பதினாறு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு திறமையாக எழுதுகிறவர், அறுபது தெரிந்து தடுமாறுகிறவரைவிட நல்ல மதிப்பெண் வாங்குகிறார்.

சொல்லை உடைத்துப் பார்ப்பதும் உதவும். மெட்டஃபர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது என்று பொருள். கிரேக்க நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றிப் போகும் லாரிகளின் பக்கவாட்டில் இன்றும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். ஒரு பொருளின் குணத்தை லாரியில் ஏற்றி இன்னொரு பொருளின் வீட்டில் இறக்குகிறோம், அவ்வளவுதான். ஆக்ஸிமோரன் இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லின் முதல் பாதிக்குக் கூர்மை என்று பொருள், இரண்டாம் பாதிக்கு மழுக்கம் என்று பொருள். கூர்மழுக்கம்! சொல்லே தனக்கு எடுத்துக்காட்டு.

ஒரு வாக்கியம், அரை மணி நேரம்

இதுதான் வழிகாட்டியின் நடுமையம். மற்றவற்றை வேகமாகப் படித்தாலும் இதைப் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்காக நான் எழுதிய வாக்கியம் ஒன்று: "மழை பெய்த அந்தக் காலையில் ஃபெரி, தூக்கம் கலையாத எருமையைப் போல மெல்ல வந்து கரையை முட்டியது."

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரியில் வந்தவர்களுக்கு அந்த முட்டல் தெரியும். பிள்ளைகளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எழுத்தாளர் ஃபெரியை எருமையோடு ஒப்பிடுகிறார். இது சிமிலி. இதனால் வாசகர் மனத்தில் காட்சி தெளிவாக விரிகிறது." முதல் இரண்டு வாக்கியங்களில் தவறில்லை. மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். அதை எடுத்து உலகத்தின் எந்தக் கவிதையின் எந்த வரிக்கு அடியில் வைத்தாலும் பொருந்தும். எந்தச் சட்டிக்கும் பொருந்தும் மூடி எந்தச் சட்டிக்கும் சொந்தமில்லை. என் தாளில் 'அதனால் என்ன?' விழுந்தது இதனால்தான்.

இனி மூன்று கேள்வி கேளுங்கள். எருமையிடமிருந்து எதை எடுத்தார், எதை விட்டார்? பருமனை எடுத்தார், மந்தத்தை எடுத்தார், தண்ணீரை விட்டுக் கரையேற மனமில்லாத அந்தச் சோம்பலை எடுத்தார். கொம்பை விட்டார், பாலை விட்டார். அடுத்த கேள்வி, அங்கே வேறொன்றைப் போட்டால் என்ன ஆகும்? யானை என்று போட்டால் கம்பீரம் வந்துவிடும். முதலை என்றால் பயம் வரும். ஆமை என்றால் மந்தம் இருக்கும், பருமன் போய்விடும். எருமைதான் வேண்டும் என்று இப்போது புரிகிறது. மூன்றாவது, பக்கத்தில் நிற்கும் சொற்கள் ஒப்புமைக்கு என்ன செய்கின்றன? 'முட்டியது' என்ற வினையைப் பாருங்கள். 'போல' என்று சொன்னதோடு எருமையை விட்டுவிடாமல், வாக்கியத்தின் கடைசிவரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இடத்தில் ஃபெரி எருமையைப் போல இல்லை, எருமையாகவே ஆகிவிட்டது. சிமிலியாகத் தொடங்கியது மெட்டஃபராக முடிகிறது.

இவ்வளவும் பார்த்தபின் எழுதினால் பதில் இப்படி வரும்: "ஃபெரியைத் தூக்கம் கலையாத எருமைக்கு ஒப்பிடும் சிமிலி, அதன் பருமனையும் அவசரமற்ற போக்கையும் ஒன்றாகக் காட்டுகிறது. 'முட்டியது' என்ற வினை அந்த விலங்கைக் கரைவரை கொண்டுவருகிறது. தாமதத்தைப் பயணி குறை சொல்லவில்லை, வீட்டு மாட்டைப் பார்க்கும் பரிவோடு பார்க்கிறார்." கலைச்சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. மீதி எல்லாம் எருமையைப் பற்றியும் பயணியைப் பற்றியும் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. போல என்று வந்தாலே சிமிலி ஆகிவிடாது. 'தம்பி அப்பாவைப் போலவே உயரம்' என்பது வெறும் ஒப்பீடு. ஓர் ஆளை இன்னோர் ஆளோடு நிறுத்தி அளக்கிறோம். இனம் வேறான இரண்டு ஒட்டிக்கொள்ளும்போதுதான் சிமிலி பிறக்கிறது.

ஐரனி: எல்லோரும் வழுக்கி விழும் படி

சோகமான எதையும் ஐரனி என்று எழுதிவிடுகிற பழக்கம் இருக்கிறது. தைப்பூசத்தன்று குடையை மறந்துவிட்டுத் தண்ணீர்மலைக்குப் போய் மழையில் நனைந்தால், அது ஐரனி இல்லை, நம் நேரம். குடை விற்கப் போனவர், எல்லாக் குடையையும் விற்றுத் தீர்த்துவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பினால் அது சிச்சுவேஷனல் ஐரனி. எதிர்பார்ப்பும் நடந்ததும் எதிரெதிராக நிற்க வேண்டும். அந்த எதிர்ப்பில் ஒரு பொருத்தமும் இருக்க வேண்டும்.

பகல் பதினொரு மணிக்கு எழுந்து வரும் மகனிடம் அம்மா, "வாருங்கள் துரை, விடிந்துவிட்டதா?" என்று கேட்கிறாரே, அது வெர்பல் ஐரனி. தோட்டப்புறத்தில் வளர்ந்த குடும்பம் என்றால் அந்தத் துரை என்ற சொல்லின் எடை தனியாகத் தெரியும். தமிழ் அணி இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்று படித்தது இதற்குப் பக்கத்து வீடு. குத்துவதற்காகவே சொன்னால் ஆங்கிலத்தில் சார்கசம். எல்லா வெர்பல் ஐரனியும் குத்துவதில்லை.

டிரமாட்டிக் ஐரனியைப் புரிந்துகொள்ள மறுபடியும் மதுரைக்கே போகலாம். கோவலன் கண்ணகியின் சிலம்பை விற்கப் பொற்கொல்லனிடம் கொடுக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான் என்பது நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அவன் மரியாதையாகப் பேசப் பேச நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பார்க்கிறவருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதே டிரமாட்டிக் ஐரனி. தேர்வுத்தாளில் இதை எழுதும்போது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டால் பாதி மதிப்பெண் போயிற்று.

டோன், மூட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுருக்கு வழி: டோன் எழுதுகிறவருடைய குரலில் இருக்கிறது, மூட் படிக்கிறவருடைய அறையில் பரவுகிறது. பேய்க்கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் தாத்தாவின் டோன் கேலி. இருட்டில் உட்கார்ந்து கேட்கும் பேரப்பிள்ளைகளின் மூட் பயம்.

தீம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் பிள்ளைகளுக்கு என்றே ஒரு தனிக் கோளாறு இருக்கிறது. நன்னெறிக் கல்வியில் பண்புகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் தீம் என்ன என்று கேட்டால் 'அன்பு', 'நேர்மை', 'பெரியோரை மதித்தல்' என்று ஒற்றைச் சொல்லாகவோ, 'நாம் பெற்றோரை மதிக்க வேண்டும்' என்று அறிவுரையாகவோ எழுதிவிடுகிறார்கள். ஒற்றைச் சொல் கதையின் பொருள்தான், தீம் இல்லை. 'வேண்டும்' என்று முடிந்தால் அது நன்னெறிப் பாடம். அந்தப் பொருளைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியத்தில் எழுதுங்கள்: 'வறுமை வந்தபிறகு அன்பு குறைவதில்லை, ஆனால் அதைக் காட்டும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.' இப்படி எழுதினால் அது தீம்.

பசார் மாலாமில் அரிஸ்டாட்டில்

கட்டுரை, மேடைப்பேச்சு, விளம்பரம் ஆகியவற்றை ஆராயச் சொன்னால் ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்ற மூன்று வரும். இவற்றை வகுத்தவர் கி.மு. நான்காம் நூற்றாண்டின் அரிஸ்டாட்டில். பாடநூல் விளக்கத்தைப் படித்துத் தலை சுற்றினால், நோட்டுப் புத்தகத்தோடு இரவுச் சந்தைக்குப் போங்கள். முழங்கால் வலித் தைலம் விற்கிறவரின் கடைமுன் பத்து நிமிடம் நில்லுங்கள்.

"இருபது வருடமாக இதே இடத்தில் விற்கிறேன், இந்தத் தாமானில் என்னைத் தெரியாதவர் உண்டா?" என்று அவர் கேட்டால் அது ஈத்தோஸ். தம் நம்பகத்தை அடகு வைக்கிறார். "உங்கள் அம்மா படியேறும்போது முனகுவதைக் கேட்டிருப்பீர்களே" என்றால் பேத்தோஸ். உங்கள் மனத்தைத் தொடுகிறார். "ஒரு புட்டி பத்து ரிங்கிட், மூன்று வாங்கினால் இருபத்தைந்து, கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றால் லோகோஸ். ஒரே மூச்சில் மூன்றும் வரும். அவற்றின் வரிசையைக் கவனியுங்கள். நான் பார்த்த தைலக்காரர்கள் கணக்கைக் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

வாக்கிய அடுக்கு உத்திகளை அவரிடமே கற்கலாம். "வலி காலையில் வரும், வலி மாலையில் வரும், வலி தூக்கத்தில் வரும்" என்று தொடக்கச் சொல்லைத் திருப்பினால் அனாஃபரா. அதே வாக்கியங்களின் முடிவில் 'வரும்' திரும்புகிறதே, அது எபிஸ்ட்ரஃபி. தமிழில் வினை கடைசியில் வருவதால் எபிஸ்ட்ரஃபி நமக்குத் தானாகவே வாய்க்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மெனக்கெட வேண்டும். ஆகவே ஆங்கிலத் தாளில் அது கண்ணில் பட்டால் வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்கும், கட்டாயம் எழுதுங்கள். எதிரெதிரான இரண்டை அருகருகே நிறுத்தும் ஆன்டிதீசிஸுக்கு எங்கள் மேசையில் உருவான எடுத்துக்காட்டு, 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தைப் பற்றியது: 'கடல் பிரித்தது, பாலம் சேர்த்தது.' சொற்கள் குறுக்காக மாறி வந்தால் கயாஸ்மஸ்: 'வாழ உழைக்கிறோமா, உழைக்க வாழ்கிறோமா?' இதிலேயே ரெட்டரிக்கல் குவெஸ்சனும் இருக்கிறது. விடை எதிர்பாராத கேள்விக்குத்தான் அந்தப் பெயர். 'பஸ் எத்தனை மணிக்கு?' என்று கதையில் ஒருவர் கேட்பதற்கு அடியில் எல்லாம் கோடு போடாதீர்கள்.

நோட்டும் அட்டையும்

நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்து மூன்று பத்தி போடுங்கள். முதலில் உத்தியின் பெயர். நடுவில் நீங்கள் கண்ட வரி. பாடநூலின் எடுத்துக்காட்டு கூடாது, பஸ்ஸிலோ சமையலறையிலோ நாளிதழிலோ நீங்களே பிடித்ததாக இருக்க வேண்டும். மூன்றாம் பத்தியின் தலைப்பு 'இழப்பு': அந்த உத்தியை எடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னால் என்ன போய்விடும்? இந்தப் பத்திதான் 'அதனால் என்ன?' என்பதற்குப் பதில். வரையறைக்குப் பத்தியே வேண்டாம். வாரத்துக்கு நான்கு சொல் போதும், கூடைக்கு ஒன்று.

மனப்பாட அட்டை செய்கிறவர்கள் எல்லோரும் முன்பக்கம் 'மெட்டானமி' என்றும் பின்பக்கம் அதன் பொருளையும் எழுதுகிறார்கள். தேர்வில் யாரும் பெயரைக் கொடுத்துப் பொருளைக் கேட்பதில்லை, வரியைக் கொடுக்கிறார்கள். ஆகவே முன்பக்கம் வரி இருக்கட்டும், பின்பக்கம் பெயரும் இழப்பும் இருக்கட்டும். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை புரட்டுங்கள். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் தாங்கவில்லை என்றால் கிரீன் லேனில் உள்ள டிஜிட்டல் நூலகத்துக்குப் போய் உட்காரலாம்.

வாய்மொழியாகப் பேசும்போது வெட்கப்படாமல் இருக்க உச்சரிப்பையும் சரிசெய்துகொள்ளுங்கள். சிமைல் என்று சொல்லாதீர்கள், சிமிலி. ஹைப்பர்போல் இல்லை, ஹைப்பர்பலி. சினெக்டோச் என்று எழுத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள், சினெக்டகி.

கடைசிப் பக்கத்தை 'பெயர் தெரியாதவை' என்று ஒதுக்கி வையுங்கள். ஏதோ நடக்கிறது, பெயர்தான் தெரியவில்லை என்ற வரிகளை அங்கே சேருங்கள். சென்ற தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு மாணவி அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்: "தேர் நகர்ந்தபின் தெரு வெறிச்சோடி நிறைந்திருந்தது." ஆள் ஒருவரும் இல்லை, உடைத்த தேங்காய் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்ததாம்.

"இதற்கு என்ன பெயர், டீச்சர்?"

எதிரெதிரான இரண்டு சொல் ஒட்டி நின்றால் ஆக்ஸிமோரன், முரண் ஒரு வாக்கியமாக விரிந்து யோசித்தபின் உண்மையானால் பாரடாக்ஸ், இது இரண்டுக்கும் நடுவில் காலை வைத்திருக்கிறது என்றேன். பெயர்ப் பத்தியில் இரண்டையும் பென்சிலால் எழுதிக்கொண்டாள். இழப்புப் பத்தியைப் பேனாவால் நிரப்பினாள்.